வெள்ளைச் சட்டை

மாங்காய் சீசன் முடிந்து தோப்புகள் ஓய்ந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் கேமரா பேச்சு தொடங்கிவிடுகிறது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எதிர்ப்படுகிறவர்கள், பள்ளிக்கு வரும் பெற்றோர், சொந்தக்காரர்கள் என்று யாராவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். "உங்க தோப்புல எச்டி கேமரா மாத்தியிருக்கீங்களாமே, எத்தனை மெகா பிக்சல் போட்டீங்க?" நான் உடனே பதில் சொல்வதில்லை. "ராத்திரியில அந்த எடத்துல வெளிச்சம் இருக்குங்களா?" என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடுகிறது. அவருக்கு வேண்டியது ஓர் எண். இரண்டோ, ஐந்தோ, எட்டோ. எண்ணைச் சொல்லாமல் நான் ஏன் விளக்கைப் பற்றிப் பேசுகிறேன் என்பது விளங்க வேண்டுமானால் 2025 ஆனி மாதம் எங்கள் தோப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சந்தையில் நின்றபடி, கையில் காய்கறிப் பையுடன் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சந்தூருக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் இருக்கிறது அப்பாவின் தோப்பு. நாலரை ஏக்கர். முக்கால்வாசி பெங்களூரா ரக மா, வீட்டுக்கென்று கொஞ்சம் செந்தூரா. ஒரு சின்ன வீடு, காய் தரம் பிரித்து கிரேட்டில் அடுக்குகிற ஷெட், போர் மோட்டாருக்கு ஒரு அறை. நான் கிருஷ்ணகிரி டவுனில் கணக்கு வாத்தியார்; சனி, ஞாயிறுகளில்தான் தோப்புக்குப் போவேன். 2016இல் நாலு கேமரா போட்டோம். கேட்டுக்கு ஒன்று, ஷெட்டுக்கு ஒன்று, வீட்டு வாசலுக்கு ஒன்று, மோட்டார் அறையைப் பார்த்தபடி ஷெட்டின் மூலையில் ஒன்று. அப்பா அந்த நாலு கட்டத்தையும் டிவியில் வைத்து, மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரியில் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். இருட்டில் இவ்வளவு தெரிவதே பெரிய விஷயம் என்று நினைத்திருந்தோம்.

அந்த வருடம் பெங்களூரா விலை விழுந்தது உங்களுக்குத் தெரியும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் பலர் காயை மரத்திலேயே விட்டார்கள். அப்படி ஒரு வாரத்தில், ஒரு விடியற்காலை அப்பா மோட்டார் போடப் போனால் போர்க்குழாய் வாயிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டி வரை ஓடிய காப்பர் ஒயர் இல்லை. வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஒயரை எரித்துத் தாமிரத்தை எடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நட்டத்தில் கிடக்கிற வருடத்தில் நடந்ததால் அப்பாவுக்கு அது ஒயராகத் தெரியவில்லை, தன்னை யாரோ அடித்துவிட்டதாகத் தெரிந்தது.

நான் காலை பஸ்ஸிலேயே போனேன். இருவரும் உட்கார்ந்து பதிவை ஓட்டிப் பார்த்தோம். திரையில் மணி 2:14. மேற்கு வேலிப் பக்கமிருந்து ஓர் ஆள் வருகிறார். வெள்ளைச் சட்டை. கீழே லுங்கியோ வேட்டியோ, மங்கலாக. மோட்டார் அறைக்குப் பின்னால் மறைகிறார். நாலைந்து நிமிடம் கழித்து தோளில் எதையோ போட்டுக்கொண்டு வந்த வழியே போகிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. அப்பா ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஆளுதான்டா. நடையைப் பாரு." நான் பார்த்தேன். எனக்கும் அந்த நடை தெரிந்த நடையாகவே பட்டது.

நம்ம ஆள் என்று அப்பா சொன்னது பன்னிரண்டு வருடமாகத் தோப்பில் காவலுக்கு இருந்த அண்ணனை. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வேலைக்கும் அவருக்கு ஒரே உடுப்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை. வரச் சொல்லி டிவி முன்னால் நிற்க வைத்து, அந்தப் பதிவுத் துண்டை இரண்டு தடவை ஓட்டிக் காட்டினேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் காட்டினால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் இரண்டு தடவையும் கண் எடுக்காமல் பார்த்தார். "அது நான் இல்லீங்க சார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு வருடத் தம்பி அந்த ஒரு நொடியில் சார் ஆகிவிட்டேன் என்பது அன்றைக்கு என் காதில் விழவே இல்லை.

அப்பா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வந்தது. சந்தேகம் யார் மேல் என்று கேட்டபோது வாய்மொழியாகச் சொன்னார், பதிவின் காப்பியைப் பென்டிரைவில் கொடுத்தார். அண்ணனைக் கூப்பிட்டு அரை நாள் உட்கார வைத்து விசாரித்து அனுப்பினார்கள். மறுநாள் அவர் தோப்புக்கு வந்து, மோட்டார் அறைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அவருடைய டார்ச் லைட் கயிற்றுக் கட்டிலின் மேல் அப்படியே கிடந்தது. ஊரில் விஷயம் பரவுவதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மாவிலை வெளுத்த மாலை

மூன்று வாரம் கழித்து மோட்டார் அறைக் கேமராவில் படம் கோடு கோடாக ஓட ஆரம்பித்தது. பகலில் நன்றாக இருக்கும், இருட்டியதும் நடுங்கும். கிருஷ்ணகிரியிலிருந்து கேமரா வேலை பார்க்கும் ஒரு தம்பியை வரவழைத்தேன். அவர் ஏணியில் ஏறி பின்னைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மணி ஏழை நெருங்கியிருந்தது. "அண்ணா, கொஞ்சம் மோட்டார் ரூம்கிட்ட போய் நில்லுங்க, ஃபோக்கஸ் பாத்துக்கறேன்" என்றார். போய் நின்றேன். பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கொடுத்த கறுப்பு டீ ஷர்ட் போட்டிருந்தேன், பாலியஸ்டர் துணி. கேமராவுக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. செல்லில் படத்தைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "சரிங்கண்ணா, வெள்ளைச் சட்டை நல்லா தெரியுது, வந்துடுங்க."

நான் வரவில்லை. எங்கே நின்றேனோ அங்கேயே நின்று, குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். பிறகு ஏணிக்கு ஓடி அவர் கையிலிருந்து செல்லை வாங்கிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் இப்போது யாரும் இல்லை. பின்னால் மாமரங்கள் மட்டும். அவரை என் டீ ஷர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நிற்கச் சொன்னேன். திரையில் அவர் தோளில் வெளுத்த துண்டு ஒன்று கிடந்தது. "ஐஆர்ல சில துணி அப்படித்தாங்கண்ணா தெரியும்" என்றார். அவருக்கு அது தினசரி பார்ப்பது. என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. ஷெட் திண்ணையில் உட்கார்ந்தேன்.

அந்தப் படத்தில் மாவிலைகளும் வெள்ளையாக இருந்தன. பனி கொட்டியதுபோல் ஒவ்வொரு மரமும் வெளுத்து நின்றது. இதை நான் முதல் தடவை பார்க்கவில்லை. ஒன்பது வருடமாக, ஒவ்வொரு ராத்திரியும் டிவியில் எங்கள் மாமரங்கள் வெள்ளையாகத்தான் நின்றன. மாவிலை கரும்பச்சை என்பது எனக்குத் தெரியும். இந்தக் கேமரா நிறத்தைப் பற்றி உண்மை சொல்வதில்லை என்று ஆயிரக்கணக்கான இலைகள் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. இலையை அப்படிப் பார்த்தபோது 'கேமரா அப்படிக் காட்டும்' என்று விட்டவன், சட்டையை மட்டும் வெள்ளை என்று நம்பினேன். இதுதான் என்னை இன்றுவரை விடாமல் அரிக்கிறது.

விஷயம் சிக்கலானதில்லை. பகலில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு வடிகட்டி இருக்கிறது. ஐஆர் என்கிற அகச்சிவப்பு ஒளியை அது தடுக்கும். இருட்டியதும் அது விலகிக்கொள்ளும். நான் கேட்ட டிக் சத்தம் அதுதான். பிறகு கேமராவைச் சுற்றியுள்ள எல்இடிகள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். பெரும்பாலும் 850 நானோமீட்டர். உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்புப் பொட்டுகளாகத் தெரியும். 940 போட்டால் அதுவும் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைந்துவிடும். அந்த ஒளியில் நிறம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பொருள் அதை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறதோ அது வெள்ளை. பச்சை இலை நன்றாகத் திருப்பி அனுப்பும். துணிக்குப் போடும் கறுப்புச் சாயங்களில் பல கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விழுங்கிக்கொண்டு அகச்சிவப்பை விட்டுவிடும். அன்று ராத்திரியே வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் கொடியில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். என் டீ ஷர்ட் வெள்ளை. அம்மாவின் கரும்பச்சைச் சேலை வெளிர்சாம்பல். அப்பாவின் நீலச் சட்டை வெள்ளைக்குப் பக்கத்தில். ஒரு குடை மட்டும் கறுப்பாகவே நின்றது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சந்தூரில் ஒரு நாற்றுப் பண்ணையில் ஒட்டுக்கன்றுக்குத் தண்ணீர் விடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், மாலையில்தான் வந்தார். அண்ணி சொம்பில் தண்ணீர் கொடுத்தார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. செல்லில் கறுப்பு டீ ஷர்ட் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டென்று கோபப்படவும் இல்லை, இளகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அன்னிக்கு ராத்திரி நான் என்ன சட்டை போட்டிருந்தேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?" நான் தலைகுனிந்து நின்றேன். "சட்டையே போடலீங்க. என்னா புழுக்கம் அன்னிக்கு. கேட்டுப் பக்கத்துல கட்டிலைப் போட்டு வெறும் தோளோட படுத்திருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

முகத்துக்கு மூன்று புள்ளி

கேமராவை மாற்ற முடிவெடுத்தது அன்றைக்குத்தான். திருடனைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் சிறிதும் இல்லை. இனி ஒரு மனிதரைப் பார்த்து 'நம்ம ஆளு' என்று சொல்வதானால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கணக்கு வாத்தியார் செய்யக்கூடியதை முதலில் செய்தேன். மோட்டார் அறை இருந்த தூரத்தில் அந்தக் கேமராவின் பார்வை எவ்வளவு அகலம் என்று டேப் பிடித்து அளந்தேன். 20 மீட்டர். பழைய கேமராவின் படம் குறுக்கே 960 புள்ளி, அதாவது பிக்சல். அதாவது ஒரு மீட்டருக்கு 48. மனித முகம் குறுக்கே சுமார் 16 செ.மீ.; ஆக முகத்துக்கு 8 புள்ளிகூட வராது. இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பதிவுப் பெட்டியான டிவிஆரைத் திறந்து பார்த்த கேமரா தம்பி, நேரடியாகப் பார்க்கும்போதுதான் 960, பதிவாவது 352 புள்ளி அகலத்தில் என்று கண்டுபிடித்தார். ஹார்டு டிஸ்க்கில் அதிக நாள் நிற்க வேண்டும் என்று 2016இல் யாரோ அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியானால் மீட்டருக்கு 17, 18. முகத்துக்கு மூன்று புள்ளி. கண்ணுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த மூன்று புள்ளியில் நானும் அப்பாவும் ஒரு மனிதரை அடையாளம் கண்டோம். மிச்சத்தை எங்கள் மனம் எங்கிருந்து எடுத்து நிரப்பியது என்று யோசித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெள்ளைச் சட்டை, கூலிக்காரர், ராத்திரியில் தோப்புக்குள் இருக்கக்கூடியவர். அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது எங்களுக்கு.

கேமரா வைப்பதற்கென்று ஒரு சர்வதேச வரையறை உண்டு. ஐஇசி 62676 வரிசையில் வருவது; 2014 பதிப்பின் எண்களைச் சொல்கிறேன். ஓர் ஆள் இருக்கிறார் என்று கண்டுகொள்ள மீட்டருக்கு 25 புள்ளி, ஏற்கெனவே பழகியவரைத் தெரிந்துகொள்ள 125, முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமின்றி அடையாளம் சொல்ல 250. எங்கள் பதிவு அந்த 25ஐக்கூடத் தொடவில்லை. இப்போது சந்தையில் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். அதே இடத்தில், அதே 20 மீட்டர் அகலத்துக்கு 2 மெகா பிக்சல் எச்டி கேமரா வைத்தால் குறுக்கே 1920 புள்ளி, மீட்டருக்கு 96. 5 மெகா பிக்சல் வைத்தால் கிட்டத்தட்ட 130. 8 வைத்தால் 192. எட்டு மெகா பிக்சலும் 250ஐத் தொடவில்லை பாருங்கள். ஆனால் 2 மெகா பிக்சல் கேமராவையே ஏழரை மீட்டர் அகலத்தை மட்டும் பார்க்கும்படி லென்ஸ் மாற்றித் திருப்பினால் 250 வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே கேமராவில் பார்க்க ஆசைப்பட்டதுதான் எங்கள் முதல் தப்பு. 2.8 எம்எம் போன்ற அகன்ற லென்ஸ் தோப்பையே வாரி எடுத்துக் காட்டும், யாரையும் காட்டாது.

ராத்திரியில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மெகா பிக்சல் கூடக் கூட, சென்சார் அதே அளவாக இருந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் ஒளி குறையும். ஒளி போதாவிட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். நொடியில் 25இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், சாதாரணமாக நடந்து போகிறவர் அதற்குள் ஐந்தரை செ.மீ. நகர்ந்துவிடுவார். முகத்தில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் என்றால் 44 செ.மீ.; நம்பர் பிளேட் ஒரு வெள்ளைக் கீற்று. ஆளை நிறுத்தி வைத்துப் பார்த்தால் எச்டி படம் பளிங்குபோல இருக்கும். கடைகளில் காட்டுவது அந்தப் படம்தான். அவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஷட்டரை 100இல் ஒரு பங்காகக் குறைத்தால் தேய்மானம் ஒன்றரை செ.மீ.க்குள் அடங்கும், ஆனால் நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். எப்படிச் சுற்றினாலும் விளக்கில்தான் வந்து நிற்கிறது.

விளக்கு நிற்கும் இடம்

எச்டி என்றால் ஒயரையெல்லாம் பிடுங்க வேண்டும் என்று அப்பா பயந்தார். தேவைப்படவில்லை. ஏஎச்டி, சிவிஐ, டிவிஐ என்ற எச்டி வகைகள் பழைய கோஆக்ஸியல் கேமரா ஒயரிலேயே ஓடும். மூன்று மெல்லிய ஒயரும் ஒரு கோஆக்ஸியலும் சேர்ந்த எங்கள் 3+1 கேபிள் ஒன்பது வருடம் வெயிலில் கிடந்தும் அணில் கடித்த இரண்டு இடம் தவிர நன்றாகவே இருந்தது. பச்சை பூத்துக் கிடந்த பிஎன்சி இணைப்பு முனைகள் எல்லாவற்றையும் வெட்டிப் புதிதாகப் போட்டோம். மோட்டார் அறைக் கேமராவின் இரவு நடுக்கத்துக்குக் காரணம் வேறு. 70 மீட்டர் மெல்லிய ஒயரில் 12 வோல்ட் போகிறது. பகலில் கேமரா முனையில் மீட்டர் வைத்தால் 11 காட்டியது. இருட்டி ஐஆர் எரிய ஆரம்பித்ததும் கரண்ட் இழுப்பு கூடி 9க்குக் கீழே இறங்கியது. கேமராவே செத்துப்போச்சு என்று தூக்கிப் போடுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கேமராவுக்கு வீட்டு இணைப்பிலிருந்து தனி லைன் இழுத்து, பக்கத்திலேயே ஓர் அடாப்டர் வைத்ததும் நடுக்கம் நின்றது. விவசாய இணைப்பிலிருந்து எடுக்கக் கூடாது. அது மோட்டாருக்கு மட்டும்.

கேட்டுக்கு 2 மெகா பிக்சலில் எஃப்1.0 லென்ஸ் உள்ள கலர் கேமரா. எஃப்2.0 லென்ஸைவிட நாலு மடங்கு ஒளியை உள்ளே விடும். பழையது 12 அடி உயரத்தில் இருந்து எல்லாருடைய உச்சந்தலையையும் துண்டுக் கட்டையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இதை எட்டடிக்கு இறக்கி, கேட்டின் அகலம் மட்டும் வரும்படி 5 மீட்டருக்கு அடக்கினோம். முகத்துக்கு இப்போது 60 புள்ளி. மோட்டார் அறைக்கும் அப்படியே, அறைக்கு நேர் எதிரில் கம்பம் நட்டு நெருங்கிப் பார்க்கும்படி. ஷெட்டில் மட்டும் அகலமான பார்வையை விட்டோம். அங்கே ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும். வீட்டு வாசல் கேமரா புதியது தெளிவாக இருந்ததில், பக்கத்துத் தோப்புக்காரர் வீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் தொட்டிவரை தெரிந்தது. அதைத் திருப்பி வைத்தோம். கேட்காமலேயே செய்ய வேண்டிய வேலை அது.

விளக்கில்தான் மூன்று ராத்திரி போனது. கேமராவிலேயே வெள்ளை எல்இடி இருக்கிறதே என்று முதல் ராத்திரி அதையே எரியவிட்டோம். ஒரு மணி நேரத்தில் பூச்சிகள் மொய்த்துவிட்டன. வயலில் விளக்குப் பொறி வைக்கிற ஊரில் எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்தது. விடிவதற்குள் லென்ஸின் முன்னால் வலை. இரண்டாம் ராத்திரி கேமரா விளக்கை அணைத்துவிட்டு, கேட்டுக்கு உட்புறம் ஒரு ஃப்ளட் லைட்டைப் போட்டோம். அது வருகிறவரின் முதுகில் விழுந்தது, முகம் இருட்டு. விளக்கு எரிகிறது, இடம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஆள் ஒரு நிழல். எத்தனையோ கடைவாசல்களில் இதே தப்பைப் பார்க்கிறேன் இப்போது. மூன்றாம் ராத்திரி, கேமராவிலிருந்து ஆறடி தள்ளி, கொஞ்சம் உயரத்தில், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் பார்க்கும்படி 20 வாட்ஸ் எல்இடி. வெள்ளையில்லை, மஞ்சள் சாயல். பூச்சி குறைந்தது. முகம் வந்தது. தோலின் நிறம் வந்தது. சட்டை என்ன நிறமோ அந்த நிறத்தில் வந்தது.

தூரத்தைப் பற்றியும் ஒன்று. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேயும். 5 மீட்டரில் இருக்கும் வெளிச்சம் 10 மீட்டரில் கால்பங்கு, 25 மீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கேமரா பெட்டியில் '30 மீட்டர் ஐஆர்' என்று போட்டிருப்பது முப்பதாவது மீட்டரில் ஏதோ அசைகிறது என்று தெரியும் தூரம். அதனால் ஒரு பெரிய விளக்கைவிட, தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்தில் சிறிய விளக்கு நல்லது. மொத்தம் இரண்டு போட்டோம். ஒரு விளக்கு ராத்திரிக்கு 11 மணி நேரம் எரிந்தால் மாதம் ஆறரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு விளக்கின் விலையும் ஒரு கேமரா விலையைத் தாண்டவில்லை. அப்பாவுக்கு மட்டும் வாசலில் படுத்தால் கண்ணில் வெளிச்சம் அடிக்கிறது என்று குறை. கட்டிலைத் தூணுக்கு மறுபக்கம் போட்டுக்கொண்டார்.

மழையில் இன்னும் சரியாக வரவில்லை. தூறல் ஒவ்வொன்றும் கோடாக விழுகிறது. மார்கழிப் பனிக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். கரண்ட் போனால் கேமராவும் டிவிஆரும் இன்வெர்ட்டரில் ஓடும், விளக்கு ஓடாது. அப்போது மறுபடியும் ஐஆர்தான். அந்த நேரத்துப் பதிவைப் பார்க்க நேர்ந்தால் நிறம் சொல்லக்கூடாது என்று டிவி மேலேயே காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பதிவு இப்போது முழு எச்டியில். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் நாளுக்கு 21.6 ஜிபி; நாலுக்கும் சேர்த்து 2 டிபி டிஸ்க்கில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று நாள் நிற்கிறது. எனக்கு அது போதும். மூன்று புள்ளியில் மூன்று மாதம் வைத்திருந்து என்ன கண்டோம்.

டிவிஆர் கடிகாரத்தையும் அப்போதுதான் சரிபார்த்தோம். பழையது 22 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 2:14 என்றால் உண்மையில் 1:52.

ஒரு கடிதம்

வேலை முடிந்ததும் ஸ்டேஷனில் இருக்கும் அந்தப் பென்டிரைவின் நினைவு விடவில்லை. வழக்கு எங்கும் போகவில்லைதான். ஆனால் காப்பி அங்கே இருக்கிறது, அப்பா சொன்ன பெயரும் யாருடைய நினைவிலாவது இருக்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட பதிவைக் கோர்ட்டில் கொடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும், கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்போடு. அது பதிவு திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும். பதிவு பொய் நிறம் காட்டுகிறது என்பதை எந்தச் சான்றிதழும் காட்டாது. நான்தான் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பதிவு அகச்சிவப்பு ஒளியில் எடுக்கப்பட்டது, உடையின் நிறத்தை அதிலிருந்து சொல்ல முடியாது. முகம் மூன்று புள்ளி அளவே உள்ளது. கடிகாரம் 22 நிமிடம் தவறு. எங்கள் தோப்பில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர் மீது நாங்கள் சொன்ன சந்தேகத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அப்பா படித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி, 'தவறு எங்களுடையது' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு நகலில் முத்திரை வைத்துத் தந்தார்கள்.

நகலை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவருடைய டார்ச் லைட்டையும் எடுத்துப் போனோம். வாசலில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அண்ணி பாயை விரித்தார். அப்பாவும் அவரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் ஒட்டுக்கன்று விலையைப் பற்றியும் பேசினார்கள். வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி அப்பா கேட்டார். "பாக்கலாங்கண்ணா" என்றார், வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் காகிதத்தை நீட்டினேன். கையில் வாங்கவில்லை. "நீங்களே படிங்க சார்" என்றார்.

படித்தேன். முடித்ததும் யாரும் பேசவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழாயடியில் குடத்தோடு மூன்று பெண்கள். அண்ணன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தபா படிங்க," என்றார். "கொஞ்சம் சத்தமா."

எழுந்து தெருவிளக்குக்குக் கீழே போய் நின்று, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.